அந்த இரண்டாவது வரி: மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனையோடு ஒன்பது ஆண்டுகள்

போன வாரம் தோழி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். அவளுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்து ஒரு மாதம்தான் ஆகிறது. "மீட்டர் வாங்கிவிட்டேன், தினமும் குத்திப் பார்க்கிறேன். பிறகு அந்த மூன்று மாதப் பரிசோதனை எதற்கு?" என்று கேட்டாள். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒன்பது ஆண்டுகளாக இரண்டோடும் காலம் தள்ளுகிறவள் நான். கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சர்க்கரை நிலையை ஒரே எண்ணில் காட்டும் எச்பிஏ1சி என்கிற அந்தப் பரிசோதனை மீது எனக்கு ஒரு கோபம் உண்டு. அது இன்னும் ஆறவில்லை.

கோபம் அதன் எண்ணின் மீது அல்ல, எண்ணுக்குக் கீழே அச்சாகும் வரியின் மீது. பல பரிசோதனைக்கூடங்களின் அறிக்கையில் முதல் வரி 7.9 சதவீதம் என்று இருக்கும். அடுத்த வரி, சராசரி ரத்தச் சர்க்கரை 180 என்று இருக்கும். இரண்டையும் தனித்தனியாக அளந்திருக்கிறார்கள் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். இரண்டாவதை யாரும் அளப்பதே இல்லை. முதல் எண்ணை 28.7ஆல் பெருக்கி 46.7ஐக் கழித்தால் அது வந்துவிடும். ஒரே சாட்சி இரண்டு முறை கூண்டில் ஏறி, இரண்டு பேராகக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

நான்காம் ஆண்டில் இதனால் பட்டது போதும். என் நோட்டில் வெறும் வயிற்றில் 110 முதல் 125 வரை, சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து 150 முதல் 170 வரை இருந்தது. எச்பிஏ1சி மட்டும் 6.9, 7.4, 7.9 என்று ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போனது. "நீங்கள் பார்க்காத நேரத்தில் ஏறுகிறது" என்றார் மருத்துவர். நியாயமான சந்தேகம். இரண்டு வாரம் அலாரம் வைத்து விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பார்த்தேன். சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் பார்த்தேன், படுக்கப்போகும் முன் பார்த்தேன். எங்கேயும் அந்த 180க்கான சுவடு இல்லை. நோட்டை நீட்டினேன். "அறிக்கையே 180 என்கிறதே" என்று அவர் விரல் வைத்த இடம் அந்த இரண்டாவது வரி.

கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரையின் அளவு கூடியது. மூன்றாவது வாரம், ஒரு நண்பகலில் உடம்பெல்லாம் வியர்த்துக் கை நடுங்கியது. மீட்டரில் செருகும் ஸ்டிரிப்புகளின் டப்பா மூடியைத் திறக்க முடியவில்லை. பல்லால் கடித்துத் திறந்ததில் பாதி ஸ்டிரிப்புகள் தரையில் சிதறின. மீட்டர் 58 காட்டியது, சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிட்டிருந்தது. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். பதினைந்து நிமிடம் கழித்து 84.

மறுநாள் வேறொரு மருத்துவரிடம் போனேன். அவர் என் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது ஹீமோகுளோபின் எவ்வளவு என்று. அது 8.6 என்று வந்தது. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை.

ரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில்தான் சர்க்கரை ஒட்டுகிறது. சிவப்பணு ஒன்று ஏறத்தாழ 120 நாள் ரத்தத்தில் சுற்றுகிறது. அத்தனை நாளும் சேர்ந்த ஒட்டலைத்தான் இந்தப் பரிசோதனை அளக்கிறது. இரும்பு குறைந்தால் புதிய அணுக்கள் உருவாவது மந்தமாகி, ரத்தத்தில் கிழட்டு அணுக்களின் பங்கு கூடிவிடும். சர்க்கரை ஏறாமலேயே எண் ஏறும். ரத்த இழப்பு, அணுக்கள் சீக்கிரம் சிதைவது, ரத்தம் ஏற்றிக்கொள்வது போன்றவற்றில் இதற்கு நேர்மாறாகப் பொய்யாக இறங்கவும் கூடும். இதையெல்லாம் அறிக்கையின் ஓரத்தில் ஒரே வாக்கியமாக அச்சிட்டிருந்தால் எனக்கு அந்த நண்பகல் நேர்ந்திருக்காது. பெருக்கிக் கழித்துக் காட்ட இடம் இருக்கிறவர்களுக்கு, ஹீமோகுளோபினையும் பாருங்கள் என்று சொல்ல இடம் இல்லாமல் போனது எப்படி? அந்தப் புதிய மருத்துவர் மாத்திரையைப் பழைய அளவுக்குக் குறைத்து, இரும்புச்சத்தும் கொடுத்தார். எட்டு மாதத்தில் எச்பிஏ1சி 6.8 என்று வந்து நோட்டோடு ஒத்துப்போனது.

மீட்டரின் பெருமை இதிலேயே தெரியும். ஆனால் அதுவும் குறையில்லாததல்ல. ஒரே விரலில் அடுத்தடுத்து எடுத்தால் 142, 158 என்று காட்டும். மீட்டர்களுக்கான ஐஎஸ்ஓ 15197 என்ற தரநிலையின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பே, 100க்கு மேற்பட்ட அளவுகளில் பதினைந்து சதவீதம் முன்பின் இருக்க இடம் தருகிறது. பழம் உரித்த கையோடு ஒருமுறை குத்தி 236 பார்த்து மூச்சு நின்றுபோனது. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுப் பார்த்தால் 131. அதனால் ஒற்றை எண்ணுக்காக நான் கலங்குவதில்லை. ஆனால் விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தி, கடுகளவு துளியை ஸ்டிரிப் உறிஞ்சிக்கொள்ளும் அந்த நொடியில், இப்போது என்ன நடக்கிறது என்று மீட்டர் எனக்குச் சொல்லிவிடும், மூன்று மாதப் பரிசோதனையால் அது முடியாது. அன்று அந்த 58ஐச் சொன்னது அதுதான்.

இவ்வளவும் எழுதிவிட்டுத் தோழிக்கு நான் சொல்லும் பதில் இது. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் மூன்று மாதப் பரிசோதனையை எடு. எனக்கே இதை எழுதக் கசக்கிறது. ஆனால் 1993இல் வெளியான டிசிசிடி என்ற நீரிழிவு ஆய்வில், முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரைச் சராசரியாக ஆறரை ஆண்டு பின்தொடர்ந்தபோது, எச்பிஏ1சியை ஏழு சதவீதத்தையொட்டி வைத்திருந்தவர்களுக்கு, ஒன்பதையொட்டி இருந்தவர்களைவிடக் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் கெடுவது வெகுவாகக் குறைந்தது. கண்ணைக் காப்பாற்றும் எண் எதுவென்று அப்படி நிரூபணமாகியிருக்கும்போது, என் கோபத்துக்காக உன்னை அதிலிருந்து விலக்க மாட்டேன். ஆண்டுக்கு ஒருமுறையாவது ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்த்துவிடு. நோட்டும் அறிக்கையும் முரண்பட்டால், மீட்டர்தான் பொய் சொல்கிறது என்று யார் சொன்னாலும் ஏன் என்று கேள். அதே வேளையில் எடுத்த ரத்தத்தைப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்து ஒப்பிட்டுப் பார். மாத்திரையை மட்டும் நீயாகக் கூட்டாதே, குறைக்காதே.

சென்ற மாத அறிக்கையில் எனக்கு 6.7. ஹீமோகுளோபின் 12.4. இரண்டாவது வரியில் 146 என்று அச்சாகியிருந்தது. அதைப் பேனாவால் அடித்துவிட்டுத்தான் கோப்பில் வைத்தேன்.