அமெரிக்க மருத்துவமனைகளின் படிப்புச் சலுகை: எது தேறும், எது தேறாது

அமெரிக்காவில் நர்ஸ் வேலை விளம்பரம் எதை எடுத்தாலும் ‘டியூஷன் அசிஸ்டன்ஸ் உண்டு’ என்று ஒரு வரி இருக்கும். எம்.எஸ்.என். (நர்சிங் முதுநிலைப் பட்டம்) முடித்து, நோயாளிகளைத் தாமே பரிசோதித்து மருந்து எழுதும் நர்ஸ் பிராக்டிஷனராகவோ நிர்வாகத்துக்கோ போக நினைப்பவர்கள் அந்த ஒரு வரியை நம்பி ஆஃபரில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். எல்லா இடத்திலும் ஒரே வரிதான். உள்ளே இருக்கும் ஏற்பாடுகளுக்குள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

தேவையும் கூடிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு முதுநிலை மாணவர்களுக்கான ‘கிராட் பிளஸ்’ என்ற அரசுக் கடன் கிடையாது. சாதாரண முதுநிலைப் படிப்புக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலரோடு நின்றுவிடும். மீதியை யார் தருவார் என்பதுதான் கேள்வி.

பெரும்பாலான மருத்துவமனைகள் சொல்லும் தொகை ஆண்டுக்கு 5,250 டாலர். பெரிய தனியார் சங்கிலியான எச்.சி.ஏ.விலும் அதே உச்சவரம்புதான். வருமான வரிச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு அந்த அளவுக்குத்தான் வரிவிலக்கு தருகிறது. அதைத் தாண்டினால் பொதுவாக உங்கள் சம்பளமாகக் கணக்கில் வரும். 1986-இல் வைத்த எண் இது. 2026-க்குப் பிறகுதான் விலைவாசியோடு சேர்ந்து ஏறப்போகிறது. பழைய கல்விக் கடனை அடைக்க மருத்துவமனை உதவினால் அதுவும் இதே 5,250-க்குள் அடக்கம். இரண்டு சலுகையையும் தனித்தனியாக விளம்பரப்படுத்தினாலும் வரிவிலக்கு இரட்டிப்பாகாது.

அதே பிரிவில் நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. இந்த விலக்கைப் பெற நிறுவனம் எழுத்து வடிவில் ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும், ஊழியர்களுக்கு அதைத் தெரிவிக்கவும் வேண்டும். ஆகவே கையெழுத்துக்கு முன்பே எச்.ஆரிடம் அந்தத் திட்ட விதிகளை, அதாவது பாலிசியை, கேளுங்கள். ஆள் சேர்க்கும் ரெக்ரூட்டர் வாயால் சொல்வதை எழுதி வைத்துக்கொண்டு பயனில்லை. பாலிசியைக் காட்டத் தயங்கும் இடத்தைப் பட்டியலில் கீழே தள்ளிவிடலாம்.

கையில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, பணம் எப்போது வருகிறது என்பது. ‘ரீஇம்பர்ஸ்மென்ட்’ என்றால் செமஸ்டர் ஃபீஸை நீங்கள் கட்டி, தேறி, மார்க் ஷீட்டையும் ரசீதையும் பதிவேற்றிய பிறகுதான் பணம். நான்கைந்து மாதம் கிரெடிட் கார்டு வட்டி ஓடும். கல்லூரிக்கே நேரடியாகக் கட்டும் ஏற்பாடு இருந்தால் தொகை கொஞ்சம் குறைவாக இருந்தாலும் அதுவே மேல்.

விண்ணப்பங்கள் தள்ளுபடியாவது பெரும்பாலும் சில்லறைக் காரணங்களால்தான். வகுப்பு தொடங்கிய பிறகு அனுமதி கேட்டிருப்பார்கள். ‘பி’க்குக் கீழே கிரேடு வந்திருக்கும். ரசீதில் டியூஷன், லேப் ஃபீஸ், புத்தகம் எல்லாம் ஒரே தொகையாக இருக்கும். பாலிசி டியூஷனுக்கு மட்டும் என்றால் பிரித்துக் காட்டும் ரசீது கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள், அதற்குள் கெடு முடிந்துவிடும். டபிள்யூ.ஜி.யு. (வெஸ்டர்ன் கவர்னர்ஸ் யுனிவர்சிட்டி) மாதிரி கிரேடு போடாத பல்கலைக்கழகத்தில் படித்தால், தேர்ச்சி என்பது ‘பி’க்குச் சமம் என்ற கடிதத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். டிசம்பரில் முடியும் செமஸ்டரின் பணம் ஜனவரியில் வந்தால் அது புது ஆண்டின் 5,250-இல் கழியும். இரண்டு ஆண்டுப் படிப்பை மூன்று காலண்டர் ஆண்டுகளில் விழும்படி தொடங்கினால் மூன்று முறை வாங்கலாம். இதைத் திட்டமிடாமல் ஜனவரியில் சேர்பவர்கள் ஒரு தவணையைக் கோட்டை விடக்கூடும்.

ஷிப்ட் கணக்கையும் பாருங்கள். வாரம் மூன்று 12 மணி நேர ஷிப்ட் என்றால் 36 மணி, அதாவது 40 மணி நேர முழு வேலையில் 0.9 பங்கு (எஃப்.டி.இ.). சில இடங்களில் அது முழுநேரம், சில இடங்களில் சலுகையும் அதே விகிதத்தில் குறையும். படிப்பின் நேரடிப் பயிற்சியான கிளினிக்கல் தொடங்கியதும் மணி நேரத்தைக் குறைத்தால் சலுகையும் குறையலாம். தேவைப்படும் நாளுக்கு மட்டும் கூப்பிடும் ‘பெர் டயம்’ வேலைக்கு மாறினால் பெரும்பாலும் மொத்தமாகவே போய்விடும்.

பல்கலைக்கழகங்கள் தங்கள் ஊழியர்களுக்குத் தரும் கட்டணத் தள்ளுபடி, ‘டியூஷன் ரெமிஷன்’, கேட்கவே இனிக்கும். ஆனால் உங்களுக்குச் சம்பளம் தருவது பல்கலைக்கழகமா, மருத்துவமனையா என்று பாருங்கள். வான்டர்பில்ட் மருத்துவ மையம் 2016-லேயே பல்கலைக்கழகத்திலிருந்து சட்டப்படி தனி நிறுவனமாகிவிட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸிலும் பல்கலைக்கழகமும் ஹெல்த் சிஸ்டமும் வெவ்வேறு முதலாளிகள். பெயர்ப் பலகை ஒன்றாக இருப்பதால் சலுகை ஒன்றாகிவிடாது. இன்னொன்று, முதுநிலை ரெமிஷனில் 5,250-க்கு மேற்பட்டது பொதுவாக வரிக்கு உட்பட்டது. 20,000 டாலர் தள்ளுபடி என்றால் 14,750 சம்பளத்தோடு சேரும். 22 சதவீத வரம்பில் இருப்பவருக்கு, சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேருக்கான 7.65 சதவீதப் பிடித்தத்தையும் சேர்த்தால், ஏறக்குறைய 4,370 டாலர் போய்விடும். செமஸ்டர் நடுவில் பே செக் திடீரென்று மெலிவது இதனால்தான். அப்படியும் லாபம்தான், அந்தப் பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

எங்கள் பார்வையில் முதலிடம் வி.ஏ.வுக்கு, அதாவது முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளுக்கு. அங்கே என்.என்.இ.ஐ. என்ற திட்டம் பணியில் உள்ள நர்ஸ்களின் பட்டப்படிப்புச் செலவை ஏற்கிறது. வேனீப் (VANEEP) என்ற இன்னொரு வி.ஏ. திட்டத்தில் முழுநேரம் படிக்கும்போதும் சம்பளம் உண்டு. மயக்கவியல் நர்ஸாக விரும்புபவர்களுக்கு இது பெரிய விஷயம். அந்தப் படிப்பில் 2022 முதல் சேர்பவர்களுக்கு முனைவர் நிலை கட்டாயம். படித்துக்கொண்டே வேலை பார்ப்பது நடைமுறையில் முடியாது. 5,250 அங்கே எந்த மூலைக்கு? பதிலுக்குப் படிப்பு முடிந்ததும் வி.ஏ.விலேயே குறிப்பிட்ட காலம் பணியாற்ற வேண்டும். குறை ஒன்றுதான்: வி.ஏ. வேலைக்குப் பொதுவாக அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். தகுதியான குடிமக்கள் கிடைக்காதபோதுதான் மற்றவர்களுக்கு வாய்ப்பு.

நியூயார்க் பக்கம் போனால் யூனியன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். சுகாதாரப் பணியாளர்களின் 1199எஸ்.இ.ஐ.யு. யூனியனுக்குப் பயிற்சிக்கென்றே தனி நிதி இருக்கிறது.

ஸ்டாஃபிங் ஏஜென்சி வழியாக ஈ.பி.-3 (வேலை அடிப்படையிலான) கிரீன் கார்டில் வரும் நம்மூர் நர்ஸ்கள் கவனிக்க வேண்டியது வேறு. நீங்கள் வேலை பார்ப்பது மருத்துவமனையில்தான், ஆனால் ஊழியர் ஏஜென்சிக்கு. ஒப்பந்தம் முடியும்வரை அந்த மருத்துவமனையின் படிப்புச் சலுகை உங்களுக்கு இல்லை. நேரடி நியமனம் கிடைத்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே அதைத் தேர்ந்தெடுக்கலாம். ஜி.என்.எம். டிப்ளமோ மட்டும் வைத்திருப்பவர்கள் நேரே எம்.எஸ்.என். எண்ணத்தில் இருந்தால், இளநிலைப் பட்டமான பி.எஸ்.என்.னுக்கான ஆண்டுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பாலிசியில் வாழ்நாள் உச்சவரம்பு இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள், பி.எஸ்.என்.னிலேயே அது தீர்ந்துவிட்டால் முதுநிலைக்கு ஒன்றும் மிஞ்சாது.