மூன்று மாதச் சம்பளம் போயிற்று: பழைய ரிவால்வர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஆத்திரத்தில் கை இன்னும் நடுங்குகிறது; எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இலக்கு சுடும் போட்டிக்குப் பழைய ரிவால்வர் வாங்குகிறவர்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முதலில் நான் ஏமாந்த கதையைக் கொட்டிவிடுகிறேன்.

பயன்படுத்திய விளையாட்டுத் துப்பாக்கிகளை விற்கும் ஓர் இணையச் சந்தை. உரிமத் தாள்கள் முறையாகவே கைமாறின. அதில் குறை சொல்ல மாட்டேன். வாங்கியது .38 காலிபர் (தோட்டாவின் அளவு), ஆறு அங்குலக் குழல். நான் தயங்கியபோது விற்றவர் ஓர் இலக்குத்தாளின் படத்தை அனுப்பினார். ஐந்து துளைகளும் பத்தாம் வளையத்துக்குள், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு. "விசை பஞ்சு மாதிரி இருக்கும், தம்பி" என்றார், விரலால் இழுக்கும் ட்ரிகரைத்தான். அந்தத் தம்பியில்தான் விழுந்தேன். மூன்று மாதச் சம்பளத்தை அன்றிரவே அனுப்பிவிட்டேன்.

முதல் நாள் பயிற்சி, 25 மீட்டர். மூன்றாவது குண்டு போனதும் பக்கத்துத் தடுப்பில் ஏதோ சட்டென்று தெறித்தது. ஈயச் சீவல். பக்கத்தில் நின்றவர் கண்ணாடி அணிந்திருந்தார். கன்னத்தில் ஒரு கீறலோடு தப்பினார். பயிற்சியாளர் தோட்டாக்களை எடுக்கச் சொல்லி, சிலிண்டரின் (தோட்டாக்கள் நிற்கும் சுழல் உருளை) ஆறு அறைகளும் காலிதானா என்று இரண்டு முறை பார்த்தார். பிறகு சிலிண்டர்மேல் விரலை லேசாக அழுத்தியபடி, தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஹேமரை மெல்ல மெல்லப் பின்னுக்கு இழுத்தார். ஐந்து அறைகளுக்கு 'டிக்' என்று பூட்டு விழுந்தது. ஆறாவதற்கு விழவில்லை. ஹேமர் முழுக்க ஏறி நின்ற பிறகும் சிலிண்டர் ஒரு மயிரிழை பின்தங்கியே இருந்தது. அறையும் குழலும் நேராகப் பொருந்தாவிட்டால் குண்டு குழலுக்குள் நுழையும் பின்முனையில் உரசிச் சீவப்படுமாம்.

அடுத்து, ஏறி நின்ற ஹேமரைக் கட்டைவிரலால் முன்னே தள்ளினார். விசையைத் தொடாமலே விழுந்துவிட்டது! பஞ்சு விசையின் ரகசியம் இதுதான்: உள்ளே ஹேமரைப் பிடித்து நிறுத்தும் விளிம்பை யாரோ அரத்தால் தேய்த்திருக்கிறார்கள். 25 மீட்டர் சென்டர்ஃபயர் (அடியின் நடுவில் தட்டினால் வெடிக்கும் தோட்டா) போட்டியில், 1000 கிராம் எடையைத் தொங்கவிட்டாலும் ஹேமர் விழாமல் விசை தாங்க வேண்டும். இது அதில் பாதியைக்கூடத் தாங்கவில்லை.

விற்றவரிடம் சொன்னேன். "நன்றாகத் துடைத்துப் பாருங்கள்." துடைத்தேன். "வேறு தோட்டா போடுங்கள்." போட்டேன். "நீங்களே கழற்றிக் கெடுத்திருப்பீர்கள், சார்." தம்பி சார் ஆனதோடு பதிலும் நின்றது. சந்தைக்காரர்களோ, இது விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான விஷயம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். தரகுத் தொகையை எடுக்கும்போது மட்டும் இடையில் அவர்கள் இருந்தார்கள்.

நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். காலி செய்துவிட்டு, அந்த விரல் சோதனையை ஒவ்வோர் அறைக்கும் செய்யுங்கள். சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பாருங்கள், 0.25 மில்லிமீட்டர் தகடு நுழைந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். குழலில் பொறித்த எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தால், தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்னும் நிறைய இருக்கிறது, எழுத மனம் ஓடவில்லை. மூன்று மாதச் சம்பளம்!

இன்று காலை பார்க்கிறேன், அதே ஆள் வேறொரு ரிவால்வரை விற்பனைக்கு வைத்திருக்கிறார். கூடவே அதே இலக்குத்தாள், அதே ஐந்து துளைகள்.