ஒட்டுப் பெயின்ற் விழவில்லை, அதுதான் தொல்லை

திருகோணமலை உப்புவெளியில் பழைய வீடொன்றை வாங்கியிருக்கும் நண்பர் போன கிழமை கேட்டார்: கதவுகளில் பெயின்ற் அங்கங்கே சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருக்கிறது, பெயர்ந்த இடங்களை மட்டும் திருத்தினால் போதுமா, அல்லது கதவு முழுவதையும் சுரண்டி மரம் வரை போகவேண்டுமா? போதும் என்பதும் உண்மை, போதாது என்பதும் உண்மை. தொலைபேசியில் இப்படிச் சொன்னால் குழப்புகிறேன் என்று நினைப்பார். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு டைக் வீதிப் பக்கம், கடலுக்குக் கூப்பிடு தூரம். வாசலில் முதிரை மர இரட்டைக் கதவு, கரும்பச்சை. உள்கதவுகளும் முதிரைதான், அவை வெள்ளை. எல்லாம் எண்ணெய் எனாமல். 2022இல் ரூபாய் சரிந்து, பெயின்ற் ரின்னின் விலையைக் கேட்டவர்கள் கடை வாசலோடு திரும்பி நடந்த காலத்தில், வீடு முழுவதும் அடிக்கும் யோசனையைக் கைவிட்டு ஒட்டுவேலை மட்டும் செய்வித்தோம். அன்று போட்ட ஒட்டுகளில் ஒன்றுகூட இன்றுவரை பெயரவில்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். கீழே நான் எரிந்து விழுவதைப் படித்துவிட்டு, வேலை சரியில்லை போலும் என்று யாரும் நினைக்கக்கூடாது.

கதவுப் பெயின்றைக் கெடுப்பது கடற்காற்று என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். நான் தைப்பொங்கலைத்தான் சொல்வேன். ஐப்பசியில் பிடிக்கும் மழை மார்கழி தாண்டியும் விடுவதில்லை. கதவெல்லாம் ஈரம் குடித்துப் பருத்து, தோள் கொடுத்துத் தள்ளினால்தான் சாத்த முடியும் என்ற நிலைக்கு வந்திருக்கும். சரியாக அந்த நேரம் பார்த்து, பொங்கலுக்கு வீடு பளிச்சென்று இருக்கவேண்டும் என்று ஊரே பெயின்ற் ரின்னைத் திறக்கிறது. மரத்துக்குள் நிற்கும் ஈரத்துக்கு மேலே நாங்களாகவே மூடி போடுகிறோம். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாக அடிக்கும்போது மரம் காய்ந்து ஒடுங்குகிறது. உள்ளே அகப்பட்ட ஈரம் வெளியேற வழி தேடிப் பெயின்றைத் தள்ளுகிறது. எனாமலோ காற்றிலுள்ள ஒட்சிசனைப் பிடித்து இறுகுகிற பொருள். தொட்டால் கையில் ஒட்டாத பதம் வந்த பிறகும் அந்த இறுகல் ஆண்டுக்கணக்கில் தொடரும், நாள் செல்லச் செல்ல நொறுங்கும் தன்மைதான் மிஞ்சும். மரம் அசைகிறது, மேல்தோல் அசைய மறுக்கிறது. பொருத்துகளில் முதலில் மயிரிழை வெடிப்பு, அதற்குள் மழைத்தண்ணீர், பிறகு சில்லு. அடுத்த பொங்கலுக்கு அதன் மேலேயே இன்னொரு படை. எங்கள் வாசல் கதவில் பெயர்ந்த இடமொன்றை உற்றுப் பார்த்தால் பச்சைக்குக் கீழே இளநீலம், அதற்கும் கீழே பழுப்பு வெள்ளை, அடியில் செங்காவி. எந்த நிறம் யாருடைய கலியாணத்துக்கு அடித்தது என்று அம்மா பிழையில்லாமல் சொல்வார்.

ஆகவே நண்பருக்கு முதல் அறிவுரை: பொங்கல் போகட்டும். மாசி, பங்குனியில் தொடங்குங்கள். மழை ஓய்ந்து கதவு காய்ந்திருக்கும், கச்சான் இன்னும் கிளம்பியிருக்காது. கச்சான் அடிக்கும்போது பூசினால் மேல்தோல் மட்டும் அவசரமாகக் காய்ந்து சுருக்கம் விழும். தெருப் புழுதியும் வந்து படிந்துவிடும்.

பெயின்ற்காரரை அழைப்பதற்கு முன்னால் தச்சுவேலை செய்யும் ஓடாவியாரை அழையுங்கள். எங்கள் ஓடாவியார் வந்ததும் பெயின்றைப் பார்க்கவே இல்லை. கதவைத் திறந்து திறந்து சாத்திவிட்டு, "இது பெயர்ந்தது அல்ல தம்பி, உரசியது" என்றார். பூட்டுப் பக்கத்து விளிம்பு முழுவதும் நிலையில் தேய்ந்துகொண்டிருந்தது. அங்கே எந்த விலையில் எந்தப் பெயின்றைப் பூசினாலும் ஒரு மாரிக்கு மேல் நிற்காது. மேல் பிணைச்சலை இறுக்கி, விளிம்பில் இரண்டு இழை சீவி எடுத்தார். அதோடு அந்தப் பக்கத்துச் சில்லுகளின் கதை முடிந்தது. அடுத்து முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கேட்டு வாங்கிக் கதவின் அடியில் சரித்துப் பிடித்துக் காட்டினார். அடிவிளிம்பு வெறும் மரம். கதவைக் கழற்றாமல் அடிப்பவர்களின் தூரிகை அங்கே போகாது. பலகையின் வெட்டுமுகமோ விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் நிலத்து ஈரத்தை மேலே இழுக்கும். கதவின் கீழ்ப் பகுதியில்தான் சில்லுகள் அதிகம் என்பதற்கு அதுதான் காரணம். பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் இதை ஏற்கவில்லை. கோட்டைப் பக்கத்து மான்கள் இரவில் வந்து கொம்பை உரசுகின்றன என்று சத்தியம் செய்கிறார். அந்த மான்கள் குப்பை கிளறுவதைப் பார்த்திருக்கிறேன். கதவு சுரண்டியதைப் பார்த்ததில்லை.

இனி வேலை. பழைய பெயின்றில் சிறிய கத்தியால் ஒரு குறுக்குக் கோடு கிழித்து, பலமான ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுங்கள். நாடாவோடு பெயின்ற் வந்தால் ஒட்டுவேலை வீண், முழுவதும் எடுக்கவேண்டியதுதான். வராவிட்டால் தொடரலாம். சில்லின் ஓரத்தை, தளர்ந்ததெல்லாம் போய் உறுதியான இடம் வரும்வரை சுரண்டவேண்டும். பிறகு அரத்தாள்: கரகரப்பான 80ஆம் இலக்கத்தில் தொடங்கி, 120, கடைசியில் மென்மையான 220. குழிக்கும் மேட்டுக்கும் நடுவே விரலை ஓட்டினால் படி தட்டக்கூடாது. கண்ணை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள்.

ஓர் எச்சரிக்கை, இதில் விளையாட்டில்லை. இலங்கையில் பெயின்றில் ஈயத்தின் அளவுக்குச் சட்டப்படி எல்லை நடைமுறைக்கு வந்தது 2013இல். அதற்கு முந்திய படைகளில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த தேய்ப்பு வேண்டாம்; தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளை வாங்குங்கள். முகக்கவசம் அணிந்து, நிலத்தில் பொலித்தீன் விரித்து, சின்னப் பிள்ளைகளை இரண்டு நாளைக்கு அம்மம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நெருப்புக் காட்டி எரித்து உரிக்கும் வித்தையைக் கிட்டவும் விடவேண்டாம். சுரண்டிய தூளைக் கோழி மேயும் வளவில் கொட்டவும் வேண்டாம்.

கடல் பக்கத்துக் கதவு என்றால் தேய்ப்பதற்கு முன்பும் பின்பும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதன் மேல் பூசியது பிடிக்காது. கழுவிய பிறகு காயவிடப் பொறுமை வேண்டும், அது எங்களிடம் குறைவு.

குழியை நிரப்பும் மக்கு விஷயத்தில் ஓடாவியாருக்கும் பெயின்ற்காரருக்கும் சிறிய போரே நடந்தது. பெயின்ற்காரர் கொண்டுவந்தது வாகனத் தகரத்துக்குப் போடுகிற இரட்டைக் கலவை மக்கு. கால் மணித்தியாலத்தில் கல்லாகிவிடும். ஓடாவியார் சோக்குத் தூளில் ஆளிவிதை எண்ணெய் விட்டுக் கையால் பிசைந்தார், காய நாள்கணக்காகும். இரண்டையும் வெவ்வேறு கதவுகளில் போடச் சொன்னேன். இத்தனை மாரிக்குப் பிறகு: கல் மக்கு அப்படியே இருக்கிறது, ஆனால் அதைச் சுற்றி வட்டமாக ஒரு மெல்லிய கீறல் ஓடுகிறது, மரம் அசைய அது அசையாததால். எண்ணெய் மக்கில் கீறல் இல்லை. ஒன்றை மறக்கக்கூடாது: வெறும் மரத்தில் முதலில் பிரைமர் என்ற அடிப்பூச்சு, அதன் மேல்தான் எண்ணெய் மக்கு. மாற்றிச் செய்தால் மரம் எண்ணெயைக் குடித்துவிட, மக்கு உதிரும். சில்லின் ஆழம் பெயின்றின் தடிப்பு மட்டும்தான் என்றால் மக்கே தேவையில்லை. இரண்டு மூன்று தரம் பிரைமர் பூசித் தேய்த்தால் மட்டமாகிவிடும்.

இவ்வளவும் நன்றாகவே நடந்தது. இனித்தான் என் கோபம்.

வாசல் கதவு கிழக்குப் பார்த்தது. காலையில் கடலிலிருந்து எழும் வெயில் நேராக அதன் மேல் விழும். விழுந்த உடனே, பழைய பச்சை சுருதியடங்கிக் கிடக்க, ஒட்டுப் போட்ட இடம் ஒவ்வொன்றும் பளபளவென்று எழுந்து நிற்கும். விரலால் தடவினால் எதுவும் தெரியாது. நேரே நின்று பார்த்தாலும் தெரியாது. நான் தேநீர்க் கோப்பையோடு உட்காரும் மூலையிலிருந்து பார்த்தால் மட்டும் எல்லாம் தெரியும்.

நிறம் சேர்க்கிற இயந்திரம் இருக்கிறது, கொஞ்சமும் பிசகாது என்று கடைக்காரர் சொன்னார். சில்லொன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். இயந்திரம் பொய் சொல்லவில்லை. அது பார்த்தது வெயிலில் வெந்து மேலே மாப்போல் பூத்திருந்த பச்சையை. அந்த வெளிறிய பச்சையையே புதிதாகக் கலந்து தந்தது. முதல் மாதம் அச்சாகப் பொருந்தியது. நானும் ஊரெல்லாம் புகழ்ந்தேன். பிறகு புதியதும் தன் பங்குக்கு வெளிறத் தொடங்கியது, பழையதைவிட வேகமாக. சரி, பூத்திருப்பதைத் தேய்த்து எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் அசல் பச்சைக்குப் பொருத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அப்படிச் செய்தால் கதவு முழுவதையும் தேய்க்கவேண்டும். முழுவதையும் தேய்ப்பதானால் முழுவதுமே பூசிவிடலாமே. இது சுற்றிச் சுற்றி வருகிற வழக்கு. நிறம் ஒரு பக்கம் கிடக்கட்டும், மினுக்கம் வேறு தனியாக ஒரு சங்கடம். வெயில் பழைய எனாமலின் மினுக்கத்தைத் தின்றுவிட்டது. புதிய ரின்னில் அது முழுசாக இருக்கிறது. இரண்டு மினுக்கத்தைச் சமப்படுத்தும் இயந்திரத்தை எந்தக் கடையிலும் காணவில்லை.

பெயின்ற்காரரிடம் இதைச் சொன்னபோது, பூசும் இடத்தைச் சில்லின் அளவோடு நிறுத்தாமல், பலகை முடிந்து சட்டம் தொடங்கும் பொருத்து வரை கொண்டுபோகலாம் என்றார். கண் அங்கே எப்படியும் ஒரு கோட்டை எதிர்பார்க்கிறது, அதனால் வேறுபாடு தெரியாது என்பது அவருடைய கணக்கு. கணக்கு சரி. அதை வேலை முடிந்து கூலி வாங்கும்போது சொல்வானேன்?

இதற்கு நேர்மாறான ஒரு காரியம் களஞ்சிய அறைக் கதவில் நடந்தது. அது வீட்டின் நடுவே, வெளிச்சமே படாத மூலை. வெள்ளைக் கதவு, பழைய வெள்ளை நெய் நிறமாகிவிட்டது. கையில் இருந்த பால் வெள்ளையையே அதில் ஒட்டுப் போட்டார்கள். யார் பார்க்கப்போகிறார்கள் என்று நானும் பேசாமல் இருந்தேன். சில மாதம் கழித்துக் கதவைத் திறந்தவன் ஒட்டைத் தேடினேன், கிடைக்கவில்லை. எண்ணெய் எனாமலில் வெள்ளைக்கு ஒரு குணம்: இருட்டில் வைத்தால் மஞ்சளிக்கும், வெளிச்சத்தில் வைத்தால் அந்த மஞ்சள் ஓரளவு வெளுத்துப்போகும். புதிய வெள்ளை இருட்டில் கிடந்து தானாகவே பழையதோடு சேர்ந்துகொண்டது. இயந்திரம் இல்லை, கடைக்காரர் இல்லை, ஒரு சதம் கூடுதல் செலவு இல்லை. ஊரார் பார்க்கும் கதவு மானத்தை வாங்க, பருப்பு மூட்டையைக் காக்கும் கதவில் இப்படி ஒரு நேர்த்தி. விருந்தாளிகள் வந்தால் களஞ்சிய அறையைக் காட்டத் தோன்றுகிறது. வீட்டில் விடுவதில்லை.

முழுவதும் சுரண்டி, நிலாவெளி விடுதிகளில் இருப்பதுபோல் மரம் தெரிய மெருகேற்றலாமா என்றும் நண்பர் கேட்டார். முதிரை என்றால் மரத்தைப் பற்றிப் பயப்படவேண்டாம். 1833இல் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே ஒரே வளைவாக முதிரையால் கட்டிய பாலம் எழுபது ஆண்டுக்கு மேல் நின்றது. அந்த ஆறு வந்து விழுவது எங்கள் கொட்டியாரக் குடாவில்தான். ஆனால் கடல் வெயிலில் தெளிவான வார்னிஷ் எனாமலைவிடச் சீக்கிரம் போய்விடும், அடிக்கடி புதுப்பிக்கவேண்டும். உள்கதவுகளுக்குச் செய்யுங்கள், அழகாக இருக்கும்.

நியாயமாகப் பார்த்தால் இந்த ஒட்டுவேலைக்குக் குறை சொல்ல இடமே இல்லை. பிடித்திருக்கிறது, தண்ணீர் விடவில்லை, செலவு குறைவு. வந்து போனவர்களில் ஒருவராவது வாசல் கதவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெயர்ந்து தொலைந்திருந்தாலாவது முழுக் கதவுக்கும் பூச ஒரு சாட்டு இருந்திருக்கும். "நன்றாகத்தானே இருக்கிறது, பிறகு எதற்குக் காசு?" என்று மனைவி கேட்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆகவே நண்பரே, உள்கதவுகளுக்குத் தயங்காமல் ஒட்டுப் போடுங்கள். இருட்டுக் கதவுகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். வெயில் படும் வாசல் கதவுக்கு வேண்டாம். ஒரு லீற்றர் கரும்பச்சை ஏற்கெனவே வாங்கிக் களஞ்சிய அறையில் அரிசி வாளிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். மாசியில் மழை விட்டதும், அசையாமல் பிடித்திருக்கும் ஒட்டுகளையும் சேர்த்து வாசல் கதவு முழுவதையும் தேய்க்கப்போகிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.