ஜேகியூ: ஆறு வருடம் பழகிய பிறகு

2019-இல் ஒரு கூரியர் நிறுவனத்தின் ஏபிஐயை (நிரல்கள் தகவல் கேட்டு வாங்கும் வாசல்) கேட்டு, பார்சல் எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்லும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினேன். அதில் மூன்று கட்டளைகள்: கர்ல் பதிலைக் கொண்டுவரும், க்ரெப் வடிகட்டும், செட் மேற்கோள் குறிகளை உரித்துவிடும். நான்கு மாதம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் பதிலில் இரண்டு கீகள் (மதிப்புகளுக்கு முன் வரும் பெயர்கள்) இடம் மாறி வந்தன. சேரும் ஊருக்குப் பதில் கிளம்பிய ஊரை எடுத்துப் போட்டுவிட்டது என் ஸ்கிரிப்ட். சேவையில் தவறில்லை. பதில் வந்த வடிவம் ஜேசான், தரவைப் பெயர்-மதிப்பு ஜோடிகளாக எழுதும் முறை. ஜேசான் ஆப்ஜெக்டுக்குள் இருக்கும் கீகளுக்கு வரிசை என்று ஒன்று கிடையாது. கட்டமைப்புள்ள ஒரு பதிலை வெறும் எழுத்துக் குவியலாக நான் பார்த்ததுதான் தவறு. அன்று மாலையே, ஜேசானிலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்துத் தரும் ஜேகியூ என்ற கட்டளைவரிக் கருவியை நிறுவினேன்.

ஸ்டீஃபன் டோலன் உருவாக்கிய இந்தக் கருவி 2012-இல் வெளிவந்தது. சி மொழியில் எழுதப்பட்ட ஒரே ஒரு சின்ன நிரல். உபுண்டு போன்ற லினக்ஸ்களில், நிரல்களை நிறுவும் ஏபிடி வழியாக ஒரு வரியில் இறங்கிவிடும். முதலில் ஒரு புள்ளி, அப்புறம் கீயின் பெயர், உள்ளே போக இன்னொரு புள்ளி. முதல் நாளுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

அலுவலகத்தில் புதிதாகச் சேருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் வெளியிடும் நிலநடுக்கத் தரவைத்தான் எடுப்பேன். இலவசம், பதிவு செய்யவும் வேண்டாம். பதிலைத் திறந்தால் 'ஃபீச்சர்ஸ்' என்ற அரே (பட்டியல்). அதில் ஒவ்வொரு நிலநடுக்கத்துக்கும் 'ப்ராபர்டீஸ்' என்ற பகுதி. அதற்குள் அளவு, இடம், நேரம். '5-க்கு மேல் உள்ளவற்றின் இடத்தை மட்டும் கொடு' என்பது, வடிகட்டும் செலக்ட் போட்ட ஒரே வரி. நேரம் மில்லிசெகண்டில் வருவதால் 1000-ஆல் வகுத்த பிறகுதான் தேதியாக மாற்ற வேண்டும். இடத்தைக் குறிக்கும் மூன்று எண்களில் முதலில் வருவது தீர்க்கரேகை, அடுத்தது அட்சரேகை, மூன்றாவது ஆழம். முதல் இரண்டையும் மாற்றிப் போடாத ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. பதிலை முதலில் கண்ணால் முழுக்கப் பார், அப்புறம் ஃபில்டர் (எதை எடுக்க வேண்டும் என்று ஜேகியூவுக்குச் சொல்லும் வரி) எழுது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஜேகியூவின் அருமை அதன் பொறுமை. இல்லாத கீயைக் கேட்டால் சண்டை போடாது, நல் (மதிப்பு ஏதும் இல்லை) என்று கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். எனக்கு மிகப் பெரிய தலைவலி கொடுத்ததும் இதே பொறுமைதான். ஒரு எழுத்தைத் தவறாக அடித்திருந்தால்கூடப் பிழைச் செய்தி வராது. கட்டளைகளை ஓட்டும் ஷெல்லுக்குள் அந்த நல் நான்கெழுத்துச் சொல்லாக நுழைந்து, வாடிக்கையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். நல் அல்லது ஃபால்ஸ் ('பொய்' என்ற மதிப்பு) வந்தால் தோல்விக் குறியீட்டோடு வெளியேறச் சொல்லும் 'இ' ஆப்ஷனை இப்போது மறக்காமல் போடுகிறேன். மேற்கோள் குறி இல்லாத வெறும் சொல்லுக்கு 'ஆர்' ஆப்ஷன். இந்த இரண்டும் இல்லாமல் நான் ஸ்கிரிப்ட் எழுதுவதே இல்லை.

நல் வந்தால் மாற்று மதிப்பு வைக்க // என்ற குறி இருக்கிறது. வசதியானதுதான், ஆனால் ஃபால்ஸையும் அது இல்லாததாகவே எடுத்துக்கொள்ளும். 'அறிவிப்பு வேண்டாம்' என்று ஃபால்ஸ் வைத்திருந்தவர்களுக்கெல்லாம், மாற்று மதிப்பான ட்ரூ விழுந்து, என் ஸ்கிரிப்ட் ஒரு வாரம் மெயில் அனுப்பியது. ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். உண்டு, இல்லை என்ற வகை ஃபீல்டுகளில் அந்தக் குறியை நான் இப்போது தொடுவதில்லை. மதிப்பு நல் தானா என்று நேராகக் கேட்டுவிடுகிறேன்.

இதைவிட நுட்பமானது ஒன்று உண்டு. ஷெல்லில் உள்ள மதிப்பை ஃபில்டருக்குள் அனுப்ப 'ஆர்க்' ஆப்ஷனைத்தான் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்வோம். அது எதைக் கொடுத்தாலும் எழுத்துச் சரமாகவே அனுப்பும். ஜேகியூவின் வரிசையில் எந்த எண்ணும் எந்தச் சரத்தையும் விடச் சிறியது. ஆகவே 5-ஐ இப்படி அனுப்பி '5-க்கு மேல்' என்று கேட்டால் ஒரு வரிகூட வராது, பிழையும் வராது. இன்று நிலநடுக்கமே இல்லை போல என்று நினைத்துக்கொள்வோம். எண்ணை அனுப்ப 'ஆர்க்ஜேசான்' என்று தனி ஆப்ஷன் இருக்கிறது.

பெரிய எண்கள் விஷயத்தில் பதிப்பைக் கவனியுங்கள். 1.6 வரை எல்லா எண்ணும் மிதவைப் புள்ளி எண்தான், அதாவது மிகப் பெரிய எண்ணின் கடைசி இலக்கங்கள் துல்லியமாக நிற்காது. 9007199254740993 உள்ளே போனால் 9007199254740992 என்று வெளியே வரும். 19 இலக்க ஆர்டர் எண்களை வைத்து வேலை செய்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. 2023-இல் வந்த 1.7-இல், நாம் கணக்குப் போடாமல் அப்படியே கடத்தும் எண் சிதைவதில்லை. 1.6 வந்தது 2018-இல். நடுவில் கிட்டத்தட்ட ஐந்து வருடம் புதுப் பதிப்பே இல்லை. கைவிட்டுவிட்டார்களோ என்று நிஜமாகவே கவலைப்பட்டேன். புதிய பராமரிப்பாளர்கள் எடுத்து நடத்துவதைப் பார்க்க மனதுக்கு நிறைவாக இருக்கிறது. உபுண்டு 22.04 வைத்திருப்பவர்களுக்கு அதன் களஞ்சியத்திலிருந்து இன்னும் 1.6-தான் கிடைக்கும். ஆர்டர் எண்ணைச் சரமாகவே அனுப்பும்படி சேவை நடத்துபவரிடம் கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

'எண் செல்லாது, முதல் வரி, 10-ஆம் எழுத்து' என்ற பொருளில் ஒரு பிழை அடிக்கடி வரும். உங்கள் ஃபில்டரில் குற்றம் தேடாதீர்கள். பெரும்பாலும் ஜேசானுக்குப் பதில் எச்டிஎம்எல் பக்கம் வந்திருக்கும். கர்லில் 'ஃபெயில்' ஆப்ஷனைப் போட்டால், சர்வர் அனுப்பும் 400-க்கும் அதற்கு மேலும் உள்ள பிழைக் குறியீடுகளுக்கு அது 22 என்ற தோல்விக் குறியீட்டோடு நின்றுவிடும். குழாய் (பைப்) வழியாக நேரே ஜேகியூவுக்கு அனுப்பாமல், பதிலை முதலில் ஒரு கோப்பில் சேமிப்பது என் வழக்கம். பதில் காலியாக வந்தால், 'இ' ஆப்ஷன் போடாத ஜேகியூ சத்தமில்லாமல் வெற்றி என்று முடித்துவிடும். கோப்பு இருந்தால் அதன் அளவைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

ஃபில்டர் பத்து வரியைத் தாண்டினால் பைதான் மொழிக்குப் போய்விடுவேன். பல மதிப்புகளை ஒன்றாகச் சுருக்கும் ரெட்யூஸ் போட்டு எழுதிய ஒன்றை ஆறு மாதம் கழித்துப் படிக்க எனக்கே அரை மணி நேரம் ஆனது.

சேமித்த கோப்புகளை நான் அழிப்பதில்லை. ஒவ்வொரு சேவைக்கும் ஒரு ஃபோல்டர்: நல்ல பதில் ஒன்று, காலிப் பதில் ஒன்று, நல் உள்ளது ஒன்று, பிழைப் பக்கம் ஒன்று. போன மாதம் சர்வரை மாற்றியபோது, எல்லா ஃபில்டர்களையும் அவற்றின் மேல் ஓட்டிப் பார்த்த பிறகுதான், குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டுகளை ஓட்டும் க்ரானை இயக்கினேன்.