ஒரு ட்ரெய்லர், மூன்று வண்டிகள்: எது இழுக்கும், எது தாங்கும்?

டல்லாஸிலிருந்து கொலராடோவுக்குக் கோடை விடுமுறை. இந்த முறை ஹோட்டல் வேண்டாம், வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போய் உள்ளேயே தங்கும் ட்ரெய்லர் வாங்கிவிடலாம் என்று வீட்டில் முடிவானதும் எங்கள் மூன்று வரிசை எஸ்யூவியின் இழுவைத் திறனைத் தேடிப் பார்த்தேன். 5,000 பவுண்டு. கடையில் எங்களுக்குப் பிடித்த 24 அடி பங்க் படுக்கை (அடுக்குப் படுக்கை) ட்ரெய்லரின் உலர் எடை 4,300 பவுண்டு. "தாராளமா இழுக்கும்" என்றார் விற்பனையாளர். அவர் சொன்னதை நம்பி அன்றே கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குத் திரும்பியதில் எனக்கு இன்றும் நிம்மதி.

உலர் எடை என்பது ட்ரெய்லர் தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போது இருக்கும் எடை. அதை யாரும் அப்படியே இழுப்பதில்லை. 40 கேலன் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் அதுவே 330 பவுண்டுக்கு மேல். இரண்டு புரொபேன் சிலிண்டர் நிரப்பி வைத்தால் 70க்கு மேல். அப்புறம் பேட்டரி, போர்வை, பாத்திரம், அரிசி, குக்கர். ஆகவே கணக்குப் போட வேண்டியது ட்ரெய்லர் ஸ்டிக்கரில் ஜிவிடபிள்யூஆர் என்று போட்டிருக்கும் அதிகபட்ச எடையை வைத்து. நாங்கள் பார்த்த ட்ரெய்லருக்கு அது 5,800.

வண்டியின் எண்ணும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடியதல்ல. அமெரிக்க நிறுவனங்கள் பெரும்பாலும் வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇயின் ஜே2807 என்ற தரத்தின்படி இழுவைத் திறனை அறிவிக்கின்றன. அரிசோனாவின் டேவிஸ் டேம் மேட்டில், ஏசி முழு வேகத்தில் ஓட, வண்டி ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு ஏற வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பது ஓட்டுநரும் ஒரு பயணியும் மட்டுமே, ஆளுக்கு 150 பவுண்டு. எங்கள் வண்டியில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மா. ஆறு பேரும் சேர்ந்து 760 பவுண்டு. ஓடும் ட்ரெய்லருக்குள் ஆட்களை உட்கார வைக்கப் பெரும்பாலான மாநிலங்களில் அனுமதி இல்லை. அதனால் அத்தனை எடையும் வண்டியின் முதுகில்தான்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். பேலோடு என்பது இதுதான். ட்ரெய்லரை மாட்ட வண்டியின் பின்னால் இருக்கும் இணைப்புதான் ஹிட்ச். ட்ரெய்லரின் முன்முனை அதன் மீது அழுத்தும் எடையும் இந்தக் கணக்கில்தான் சேரும். ஆங்கிலத்தில் டங் வெயிட் என்பார்கள். எங்கள் தாத்தா மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றும்போது பார்த்த முன்பாரம் இதேதான். பின்பாரம் ஏறினால் நுகத்தடி தூக்கிக்கொண்டு மாட்டின் கழுத்தை நெரிக்கும். ட்ரெய்லரிலும் பின்பாரம் ஏறினால் 60 மைல் வேகத்தில் வால் ஆடத் தொடங்கும், அந்த ஆட்டம் வண்டியையே இழுத்துப் போட்டுவிடும். அதனால் ட்ரெய்லரின் முழு எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரமாக இருக்க வேண்டும். நான் 13 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன்.

முதலில் வீட்டில் இருக்கும் எஸ்யூவி. கதவு ஸ்டிக்கரில் 1,390. ஆட்கள் 760, பைகளும் ஐஸ் பெட்டியும் 140, எடையைப் பரப்பும் ஹிட்ச் 90. (எல்லா எஸ்யூவியிலும் இந்த வகை ஹிட்சை மாட்ட முடியாது, கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.) மிச்சம் 400 பவுண்டு. அதுதான் முன்பாரத்துக்கு இருக்கும் இடம் என்றால் ட்ரெய்லர் 3,000 சொச்சத்தைத் தாண்டக் கூடாது. அப்பா அம்மா வராமல் நாங்கள் நால்வர் மட்டும் போனாலும் 5,000 வராது. ஏனென்றால் இந்த ரக எஸ்யூவிகள் பலவற்றில் ஹிட்ச் தாங்கும் எல்லையே 500 பவுண்டு. அப்படிப் பார்த்தால் 3,850 அளவில் நின்றுவிடும். இதற்குப் பொருந்துவது ஸ்காம்ப் மாதிரி சின்ன ஃபைபர் கிளாஸ் ட்ரெய்லர்கள், துணிக்கூரை விரியும் பாப்-அப்கள். சியன்னா, ஒடிசி மாதிரி மினிவேன் வைத்திருப்பவர்களுக்கு எல்லை 3,500தான், அவர்களுக்கும் இதே பதில். நால்வர் குடும்பத்துக்கு இது நல்ல வழி, புது வண்டிக் கடனும் இல்லை.

மலை இன்னொரு கணக்கு. டல்லாஸிலிருந்து அமரில்லோ வழியாகப் போனால் ரேட்டன் கணவாய் வரும், 7,834 அடி. டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். எங்கள் எஸ்யூவியின் பழைய வி6 என்ஜின் அங்கே போய்ச் சேரும்போது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போயிருக்கும்.

அடுத்து பிக்கப், பின்னால் திறந்த சாமான் தட்டு உள்ள டிரக். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் பதில் இது. ஃபோர்டு எஃப்-150 சரியான அமைப்பில் 13,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும், டொயோட்டா டுண்ட்ரா 12,000 வரை. ஆனால் நான் நேரில் போய் ஒவ்வொரு கதவாகத் திறந்து ஸ்டிக்கரைப் படித்தேன், படித்ததும் திகைத்துப் போனேன். தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை, நான்கு சக்கர ஓட்டம் எல்லாம் கொண்ட விலை உயர்ந்த மாடலில் பேலோடு 1,420. எங்கள் எஸ்யூவியைவிட 30 பவுண்டுதான் கூடுதல்! அந்தச் சொகுசெல்லாம் எடைதானே, பேலோடிலிருந்துதான் கழியும். அதே வரிசையில் துணி இருக்கை போட்ட சாதாரண மாடலில் 1,880. நாங்கள் அறுவரும், அதே பைகளும் ஹிட்சும் ஏறிய பிறகும் 890 மிஞ்சும். 5,800 பவுண்டு ட்ரெய்லரை அது நிம்மதியாகத் தாங்கும். வீல்பேஸும் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) நீளம், டெக்சஸ் வடமேற்கின் குறுக்குக் காற்றில் ட்ரெய்லர் தள்ளினால் அந்த நீளம் கை கொடுக்கும்.

எடையை மட்டும் பார்த்தால் வென்றது இந்தச் சாதாரண பிக்கப்தான். ஆனால் ஆறு பேர் என்றால் முன்னால் மூவர், பின்னால் மூவர். 800 மைலுக்கு மேல் அம்மா அப்படி நெருக்கி உட்கார வேண்டும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்த உயரம் ஏறி இறங்க வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. இதைவிடக் கனமான, முக்கால் டன் என்று சொல்லப்படும் ரக டிரக்கும் பார்த்தேன். பேலோடு தாராளம், ஆனால் வருஷத்தில் பத்து மாதம் பள்ளிக்கும் ஆபீசுக்கும் போக அது எங்களுக்கு வேண்டாம்.

மூன்றாவது, லாரி மாதிரி இரும்பு அடிச்சட்டத்தின் மேல் கட்டிய பெரிய எஸ்யூவி. சபர்பன், எக்ஸ்பெடிஷன் மேக்ஸ் ரகம். சரியான அமைப்பில் இழுவை எட்டாயிரத்துக்கு மேல், வீல்பேஸ் 130 அங்குலத்துக்கு மேல், எட்டுப் பேர் வரை உட்காரலாம். நாங்கள் பார்த்த ஒன்றில் பேலோடு 1,600. அறுவர், பைகள், ஹிட்ச் போக மிஞ்சுவது 610, அதாவது ட்ரெய்லர் 4,690 வரை. ஆசைப்பட்ட 5,800 ட்ரெய்லர் இதிலும் சேரவில்லை. பாட்டி தாத்தாவை இரண்டாவது காரில் பின்னால் அழைத்து வரலாம் என்று மனைவி சொன்னாள். அது நல்ல யோசனைதான், பல குடும்பங்கள் அப்படிச் செய்கின்றன. ஆனால் சேர்ந்து போவதற்காகத்தானே இந்த ஏற்பாடே?

எங்கள் தீர்ப்பு: பெரிய எஸ்யூவி, ஆனால் ட்ரெய்லரைச் சின்னதாக்கினோம். ஜிவிடபிள்யூஆர் 4,500. பங்க் படுக்கை இல்லை, பிள்ளைகள் வெளியே கூடாரத்தில் படுப்பார்கள், அவர்களுக்கு அதுதான் கொண்டாட்டம். ட்ரெய்லர் பிரேக்கை வண்டிக்குள்ளிருந்து இயக்கும் கன்ட்ரோலரும் பொருத்தினோம். வால் ஆடினால் கால் பிரேக்கை அழுத்தாமல், ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு, கையால் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்க அது இல்லாமல் முடியாது.

கிளம்பும் நாளில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடைமேடைக்குப் போனோம். ட்ரெய்லரை மாட்டி ஒரு முறை, கழற்றி ஒரு முறை எடை போட்டால் முன்பாரம் தெரிந்துவிடும். ட்ரெய்லர் 4,380, முன்பாரம் 640. வண்டியின் பேலோடு 30 பவுண்டு தாண்டியிருந்தது. முன்பெட்டியில் இருந்த அரிசி மூட்டை, கிரைண்டர், மடக்கு நாற்காலிகள், விறகு என்று நூறு பவுண்டைச் சக்கரங்களுக்கு நேர் மேலே நகர்த்தினோம். மறுபடி மேடையேறினோம். 570. அப்பா அந்தச் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.