ஜென் 6, நோவா லேக், சிறுபெட்டி: அடுத்த டெஸ்க்டாப்பை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

டெஸ்க்டாப் வாங்க நினைப்பவர்களிடம் இப்போது ஒரு தயக்கம் தெரிகிறது. இன்றே வாங்கிவிடுவதா, ஏஎம்டியின் அடுத்த பிராசஸர் தலைமுறையான ஜென் 6 வரும்வரை பொறுப்பதா, இன்டெலின் அடுத்த பிராசஸரான நோவா லேக்கையும் பார்த்துவிட்டு முடிவெடுப்பதா, அல்லது அசெம்பிள் செய்யும் வழக்கத்தையே விட்டுவிட்டு மேக் மினி போன்ற சிறுபெட்டி ஒன்றை மேசையில் வைத்துவிடுவதா என்று பெங்களூர் அல்சூரில் டிடிபி கடை நடத்துபவரும் கேட்கிறார், பெல்லந்தூரில் மென்பொருள் எழுதுபவரும் கேட்கிறார். பேச்சு பெரும்பாலும் பிராசஸரில் எத்தனை கோர் (கணக்கிடும் அலகு) என்பதைச் சுற்றியே நடக்கிறது. என் கருத்து வேறு. வரப்போகும் இந்த மூன்று வகைக் கணினிகளின் வேகத்தையும் வடிவத்தையும் ஒருசேரத் தீர்மானிக்கப்போவது ரேம்தான்: அது பிராசஸருக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, எத்தனை அகலமான பாதையில் இணைந்திருக்கிறது, நாளை அதை நாம் கழற்றி மாற்ற முடியுமா என்பவைதான் உண்மையான கேள்விகள்.

விலை நிலவரமும் இதையே உணர்த்துகிறது. டவுன் ஹால் அருகே எஸ்.பி. ரோட்டில் அண்மையில் கொட்டேஷன் கேட்டபோது, பிராசஸர், போர்டு, எஸ்எம்பிஎஸ், கேபினெட் என்று ஒவ்வொன்றுக்கும் விலை எழுதிய கடைக்காரர், ரேம் என்ற வரிக்கு எதிரே மட்டும் இடத்தைக் காலியாக விட்டார். "ரேம் ரேட்டு காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணா இருக்கு சார். பில் போடும்போது சொல்றேன்" என்றார். சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களே உலகின் டிராம் (ரேமில் உள்ள நினைவகச் சில்லு) உற்பத்தியில் பெரும்பகுதியைக் கையில் வைத்திருக்கின்றன. அவற்றின் ஆலைகள் செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்கான நினைவகத்தின் பக்கம் திரும்பியதால் 2025 பிற்பகுதியில் இன்றைய ரேம் வகையான டிடிஆர்5 விலை கடுமையாக ஏறியது. அந்த ஆண்டு டிசம்பரில், சில்லறை வாடிக்கையாளர்களுக்கான குரூஷியல் வணிகத்திலிருந்து வெளியேறுவதாகவே மைக்ரான் அறிவித்துவிட்டது.

முதலில் ஏஎம்டி. ஜென் 6 தலைமுறையை டிஎஸ்எம்சியின் 2 நானோமீட்டர் நுட்பத்துக்குக் கொண்டுசெல்வதையும், 2022 செப்டம்பரில் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கு (போர்டில் பிராசஸர் பொருந்தும் இடம்) 2027 வரையும் அதற்கு அப்பாலும் ஆதரவு தொடரும் என்பதையும் அந்நிறுவனமே சொல்லியிருக்கிறது. டெஸ்க்டாப் மாடல்களைப் பற்றி மற்றபடி உலவுபவை கசிவுகள். 2019 முதல் ஒரு சில்லுக்கு 8 என்றிருந்த கோர் எண்ணிக்கை 12 ஆகும், எனவே இரண்டு சில்லு கொண்ட உச்ச மாடலில் 24 கோர் இருக்கும், ஒவ்வொரு சில்லிலும் எல்3 கேஷ் (கோர்களுக்கு அருகிலேயே இருக்கும் சிறு நினைவகம்) 32 எம்பியிலிருந்து 48 எம்பிக்கு உயரும் என்கின்றன அவை. 2 நானோமீட்டர் தரும் அடர்த்தியை வைத்துப் பார்த்தால் இது மிகையான கணக்காக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் நான் ஆவலோடு எதிர்பார்ப்பது கோர்களை அல்ல, அவற்றை ரேமோடும் பிற பகுதிகளோடும் இணைக்கும் ஐஓ சில்லை. ஏஎம்டியின் டெஸ்க்டாப் பிராசஸர்களான ரைசன் 7000, 9000 ஆகிய இரண்டு வரிசைகளிலும் ஒரே 6 நானோமீட்டர் ஐஓ சில்லுதான் இருக்கிறது. ரேமோடு பேசும் கன்ட்ரோலர் அதில் இருப்பதால், ஒவ்வொரு கோரும் தனக்கு வேண்டிய தரவுக்குத் தன் சில்லை விட்டு வெளியே வந்துதான் ஆக வேண்டும். 2024 ஆகஸ்டில் வந்த ரைசன் 9000 கோர் அளவில் நன்கு முன்னேறியிருந்தும் விளையாட்டுகளில் சிறிய ஏற்றமே காட்டியது. அதே கோர்களோடு, எல்3 கேஷை மொத்தம் 96 எம்பியாக உயர்த்தி நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி சந்தையையே புரட்டிப்போட்டது. கோர்களில் எந்த மாற்றமும் இல்லை. தரவு அவற்றுக்கு அருகில் வந்தது, அவ்வளவுதான். அதன் வடிவமைப்பையும் பாராட்ட வேண்டும். முந்தைய 7800எக்ஸ்3டியில் கூடுதல் கேஷ் கோர்களுக்கு மேலே அடுக்கப்பட்டிருந்ததால் வெப்பம் வெளியேறுவது தடைபட்டது. 9800எக்ஸ்3டியில் அதைக் கோர்களுக்கு அடியில் வைத்தார்கள். கோர்கள் கூலரை நேரடியாக நெருங்கியதால் அடிப்படை வேகம் 4.2 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.7 ஆனது. ஜென் 6 ஐஓ சில்லும் புதிதாக வந்து, இந்த அடுக்குமுறையும் அதனுடன் சேருமானால், இதுவரை கண்ட தலைமுறை மாற்றங்களைவிடப் பெரிய பாய்ச்சலை எதிர்பார்க்கலாம்.

இன்டெலின் கதையும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது. 2024 அக்டோபரில் எல்ஜிஏ 1851 சாக்கெட்டோடு வந்த கோர் அல்ட்ரா 285கே, 8 பெரிய கோர்களும் 16 சிறிய கோர்களுமாக 24 கோர் கொண்டது. கோர்களை டிஎஸ்எம்சியின் 3 நானோமீட்டரில் செய்து, ரேம் கன்ட்ரோலரை வேறொரு சில்லுக்கு நகர்த்தினார்கள். மின்சாரச் சிக்கனம் கூடியது. ஆனால் ரேமிலிருந்து தரவு வந்து சேரும் தாமதமும் கூடியதால், பல விளையாட்டுகளில் அது தன் முன்னோடியான 14ஆம் தலைமுறையிடமே தோற்றது. நோவா லேக் 2026 இறுதியில் வரும் என்று இன்டெல் கூறியிருக்கிறது. கசிவுகளின்படி 16 பெரிய கோர், 32 சிறிய கோர், 4 மிகச் சிக்கனமான கோர் என மொத்தம் 52. அதோடு 144 எம்பி அளவில் பெரிய கேஷ் கொண்ட சிறப்பு மாடலும் இருக்கும். கேஷ் பற்றிய செய்தி உண்மையானால், ஏஎம்டி கண்டுகொண்ட விடையை இன்டெலும் ஏற்றுக்கொண்டது என்றே பொருள், அது வாங்குபவர்களுக்கு நல்லதும்கூட.

52 என்ற எண்ணைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். இன்றுள்ளதைப் போலவே இரண்டு சேனல் (ரேமுக்கான பாதை) டிடிஆர்5 தொடருமானால், 8000 வேகத்தில் ஓடும் ரேமிலும் நொடிக்குக் கிடைப்பது 128 ஜிபி. 52 கோர்களுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 2.5 ஜிபிகூட வராது. பெரிய மென்பொருள் திட்டத்தை கம்பைல் செய்வது, வீடியோ காட்சிகளை ரெண்டர் செய்வது போன்று துண்டு துண்டாகப் பிரித்துச் செய்யக்கூடிய வேலைகளில் அத்தனை கோரும் உழைக்கும். ரேமிலிருந்து தொடர்ந்து பெருந்தரவை இழுக்கும் வேலைகளிலோ பாதிக்கு மேற்பட்ட கோர்கள் காத்துக்கொண்டிருக்கும். மேலும், நோவா லேக்குக்கு எல்ஜிஏ 1954 என்ற புதிய சாக்கெட் வரும் என்பதில் கசிவுகள் எல்லாம் ஒத்துப்போகின்றன. ஆகவே இன்று 1851 போர்டு வாங்குபவர் அப்போது மறுபடியும் போர்டு வாங்க வேண்டியிருக்கும். ஏஎம்டியின் முந்தைய ஏஎம்4 சாக்கெட்டில் 2017இல் முதல் ரைசன் வாங்கியவர்களில் பலர், பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) மட்டும் புதுப்பித்துக்கொண்டு 2022இல் வந்த 5800எக்ஸ்3டியை அதே போர்டில் பொருத்த முடிந்ததை எண்ணிப் பார்த்தால், இந்த வேறுபாட்டின் கனம் புரியும்.

மூன்றாவது போட்டியாளரான சிறுபெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனெனில் டெஸ்க்டாப்பின் வடிவத்தை உண்மையில் மாற்றிக்கொண்டிருப்பது அதுதான். 2024இல் வந்த, ஆப்பிளின் எம்4 சில்லு கொண்ட மேக் மினி 12.7 சென்டிமீட்டர் சதுரம், 5 சென்டிமீட்டர் உயரம். பவர் சப்ளையும் உள்ளேயே அடங்கியிருக்கிறது. ஏஎம்டியின் ரைசன் ஏஐ மேக்ஸ்+ 395, 16 ஜென் 5 கோர்களையும் பெரிய கிராபிக்ஸ் பகுதியையும் ஒன்றாக்கி 128 ஜிபி வரை ரேமைப் பகிர்ந்துகொள்கிறது. என்விடியாவின் டிஜிஎக்ஸ் ஸ்பார்க்கும் அதே 128 ஜிபியோடு உள்ளங்கையில் ஏந்தக்கூடிய பெட்டியாக வந்தது. மூன்றிலும் ரேம் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டது.

அதற்குக் கிடைக்கும் பலனை எண்களே சொல்லும். ரைசன் 9000 டவரில் அதிகாரபூர்வ டிடிஆர்5-5600 ரேம் தருவது நொடிக்கு 89.6 ஜிபி. எம்4 சில்லு 120, எம்5 153, ரைசன் ஏஐ மேக்ஸ் 256, எம்4 ப்ரோவும் டிஜிஎக்ஸ் ஸ்பார்க்கும் 273. 7,000 கோடி அளவுருக்கள் கொண்ட செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரி ஒன்றை 4 பிட்டுக்குச் சுருக்கி வீட்டிலேயே ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 40 ஜிபி இடம் பிடிக்கும். ஒவ்வொரு டோக்கனுக்கும் (மாதிரி எழுதும் சொல் துண்டு) அந்த 40 ஜிபியையும் ஒருமுறை படித்தாக வேண்டும் என்பதால், டவரின் ரேமில் நொடிக்கு இரண்டு டோக்கன் வருவதே கடினம்; 256 ஜிபி பாதையில் ஆறு வரை எட்டலாம். தமிழ்ச் சொற்கள் ஆங்கிலச் சொற்களைவிட அதிக டோக்கன்களாக உடைபடுவதால், தமிழில் வேலை செய்பவருக்கு இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாக உறைக்கும்.

ரேமை நிரந்தரமாகப் பொருத்துவது வெறும் வணிகத் தந்திரம் என்று பலரும் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு, ஆனால் முழு நியாயம் இல்லை. எளிதில் பழுதுபார்க்கக்கூடிய லேப்டாப்களுக்குப் பெயர்பெற்ற ஃபிரேம்வொர்க் நிறுவனமே 2025இல் தன் டெஸ்க்டாப்பை இந்த ரைசன் ஏஐ மேக்ஸ் சில்லோடு, மாற்ற முடியாத ரேமுடன்தான் அறிவித்தது. கழற்றக்கூடிய எல்பிகேம் வகை ரேமை ஏஎம்டியோடு சேர்ந்து ஆராய்ந்தும், 256 பிட் அகலப் பாதையில் அந்த வேகத்துக்கு சிக்னல் தாங்கவில்லை என்று அது விளக்கியது. எனினும் இதன் சுமை வாங்குபவர் தலையில்தான் விழுகிறது. ஒரு ரேம் சில்லு பழுதானால் போர்டையே மாற்ற வேண்டும். போதாது என்று பின்னால் தெரிந்தால் பெட்டியையே விற்க வேண்டும். 59,900 ரூபாய்க்கு அறிமுகமான எம்4 மேக் மினியில் 16 ஜிபியை 24 ஆக்க 20,000 ரூபாய் கேட்டபோது அது அநியாயமாகத் தெரிந்தது. இன்றைய டிடிஆர்5 விலையின் முன் அதே தொகை அவ்வளவு விசித்திரமாகத் தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மின்சாரத்தில் போட்டியே இல்லை. எம்4 மேக் மினி சும்மா இருக்கும்போது 4 வாட், உச்சத்தில் 65 வாட். 285கே பிராசஸர் மட்டுமே 250 வாட் வரை இழுக்கும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்டு 575 வாட். பெங்களூர் வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யூபிஎஸ் ஏறக்குறைய 360 வாட் மட்டுமே தாங்கும்.

இவற்றை எல்லாம் வைத்து என் பரிந்துரை இது. அல்சூர் டிடிபி கடைக்காரர் காத்திருக்கத் தேவையில்லை. ஏஎம்5 போர்டில் ஒரு நடுத்தர ரைசனைப் போட்டு இப்போதே வேலையைத் தொடங்கலாம், ஜென் 6 விலை படிந்த பிறகு பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கம்பைல் நேரம் சம்பளத்தைத் தொடும் மென்பொருள்காரர், போர்டையும் சேர்த்து மாற்றத் தயாராக இருந்தால், நோவா லேக்கின் முதல் சோதனை முடிவுகள்வரை பொறுப்பது சரியே. ஆனால் 13, 14ஆம் தலைமுறைச் சில்லுகளின் நிலைத்தன்மைக் கோளாறுக்காக இன்டெல் 2024இல் மைக்ரோகோடு (சில்லின் உள் மென்பொருள்) திருத்தம் வெளியிட்டு வாரன்டியையும் இரண்டு ஆண்டு நீட்டிக்க வேண்டிவந்ததை நினைவில் வைத்து, வெளியான வாரமே வாங்காமல் சில மாதம் கழித்து வாங்கட்டும். வீட்டில் மொழி மாதிரிகளை ஓட்ட விரும்புபவருக்குச் சிறுபெட்டிதான் பொருத்தம். தேவை என்று நினைக்கும் ரேமைப்போல் இரு மடங்கை முதல் நாளே வாங்க வேண்டும்.

ஏஎம்5 வாங்குபவர்களுக்குத் தனியாக ஒன்று. விலைக்கு அஞ்சி இப்போது இரண்டு ரேம் குச்சிகள் போட்டுவிட்டு, பிறகு இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம் என்று திட்டமிட வேண்டாம். நான்கு குச்சிகள் இருந்தால் ரைசன் 9000க்கு ஏஎம்டி உறுதிதரும் வேகம் டிடிஆர்5-3600 மட்டுமே, அதாவது நொடிக்கு 57.6 ஜிபி. கையைக் கடித்தாலும் 16 ஜிபி குச்சிகள் இரண்டுக்குப் பதில் 32 ஜிபி குச்சிகள் இரண்டாகவே வாங்கிவிடுங்கள். அதற்காகப் பிராசஸரில் ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை, அதை எப்படியும் மாற்றத்தானே போகிறோம்.