மாமி வீட்டுக் கொடுமைக்குப் பொலிஸா, விவாகரத்தா, பாதுகாப்புக் கட்டளையா?

மட்டக்களப்புப் பக்கம் பெண்ணுக்கு வீடு சீதனமாக வரும். மாப்பிள்ளைதான் நம் வீட்டுக்கு வருவார். அதனால் இங்கே மாமியார் கொடுமை குறைவு என்று வெளியூரார் நினைப்பார்கள். எனக்கு அந்த வீட்டு உறுதியாலேயே, அதாவது வீட்டின் உரிமைப் பத்திரத்தாலேயே, கொடுமை வந்தது. வீட்டை என் கணவர் பெயருக்கு எழுதிக் கொடு என்று மாமியும் இவரின் தம்பியும் எங்களோடு வந்திருந்து இரண்டு வருடம் என்னைப் பிழிந்தெடுத்தார்கள். ஏச்சில் தொடங்கி அடி வரை போனபோதுதான் வழி தேடினேன்.

முதலில் பொலிஸ். பெண்கள், சிறுவர் பிரிவில் முறைப்பாடு எழுதினார்கள், இரு பக்கத்தையும் கூப்பிட்டார்கள், "சமாதானமாகப் போங்கோ" என்றார்கள். மூன்று கிழமை அமைதி, பிறகு பழைய கதை. இந்தியத் தொலைக்காட்சி பார்த்து, கணவர் வீட்டுக் கொடுமையையே தனிக் குற்றமாக்கிய அங்கத்தைய பழைய 498ஏ போல ஒரு பிரிவு இங்கேயும் உண்டு என்று பலர் நம்புகிறார்கள். இலங்கையில் அப்படி இல்லை. அடி, மிரட்டல் எல்லாம் பொதுவான தண்டனைச் சட்டக்கோவைக்குள்தான் வரும். ஆனாலும் அந்த முறைப்பாட்டை நான் வீண் என்று சொல்லமாட்டேன். பிறகு நீதிமன்றத்தில் அதுவே எனக்குக் கைகொடுத்தது.

விவாகரத்துக்கு நான் போகவில்லை, ஆகவே சட்டத்தில் உள்ளதை மட்டும் சொல்கிறேன். மாவட்ட நீதிமன்றத்தில் பிறர்மனை உறவு, வஞ்சகமாகக் கைவிடல், தீராத ஆண்மையின்மை, இந்த மூன்றில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். மாமியின் கொடுமை அதில் ஒரு காரணமே இல்லை. செலவுக்குக் காசு தராத கணவர் என்றால் 1999ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டத்தில் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்கு விவாகரத்துத் தேவையில்லை.

நான் எடுத்தது 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். கணவருக்கு எதிராக மட்டுமல்ல, அவரின் தாய் தகப்பன், கூடப்பிறந்தவர்களுக்கு எதிராகவும் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். நம் சார்பில் பொலிஸும் விண்ணப்பிக்கலாம். விசாரணை 14 நாளுக்குள் வரவேண்டும். அவசரம் என்றால் அதற்கு முன்பே இடைக்காலக் கட்டளை கிடைக்கும்.

என்னை முடிவெடுக்க வைத்தது வீடுதான். வழக்கு என்றால் பெண் பெட்டியைக் கட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். இந்தக் கட்டளையில் கொடுமை செய்தவரை வீட்டுக்குள் வராதே என்று தடுக்கலாம், குடும்ப வீட்டை விற்று நம்மைத் தெருவில் விடாதபடியும் தடுக்கலாம். மாமியும் இவரின் தம்பியும் வெளியே போனார்கள். நானும் பிள்ளைகளும் அதே கூரையின் கீழ் இருந்தோம். இவரும் எங்களோடுதான் இருக்கிறார். கல்யாணத்தை உடைக்காமல் வாசலை மட்டும் அடைக்க இந்த மூன்றில் மற்ற இரண்டாலும் முடியாது.

குறையும் உண்டு. கட்டளை அதிகபட்சம் 12 மாதம். மீறினால் ஒரு வருடம் வரை சிறை, பத்தாயிரம் ரூபா வரை அபராதம் என்று சட்டம் சொன்னாலும், மீறியதை நாம்தான் போய்ச் சொல்லவேண்டும். வெறும் ஏச்சு என்றால் அது தொடர்ச்சியானது, கடுமையானது என்று காட்டவும் வேண்டும். எனக்கு உதவியது திகதி போட்டு எழுதி வைத்த ஒரு கொப்பி.

காத்தான்குடி, அக்கரைப்பற்று முஸ்லிம் சகோதரிகளுக்கு விவாகரத்தும் தாபரிப்பும் காதி நீதிமன்றத்தில். ஆனால் 2005 சட்டம் எல்லோருக்கும் பொது.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. யாரிடம் போவதென்றே தெரியாவிட்டால் பெண்கள் உதவித் தொலைபேசி 1938க்கு எடுங்கள், அல்லது பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரைப் பாருங்கள். அப்புறம், போகும் முன் உறுதியை அலுமாரியிலிருந்து எடுத்து நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். நான் அம்மாவிடம் கொடுத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.